தட்டாமல் வாங்கிய சக்கரம்

பேகம்பூர், திண்டுக்கல்
12-8-1958

பினாங்கில் இருக்கும் அன்பு மகன் ஜமாலுக்கு அத்தா துஆ ஸலாமுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், நம் ஷாப்பில் வேலை செய்யும் பேச்சிமுத்துவின் வலது தோளைத் தவிர. நீயும் மருமகள் உம்மு சல்மாவும் நலமாயிருக்க உன் அம்மா ஐந்து வேளையும் துஆ கேட்கிறாள். எனக்கு வயிறு கொஞ்சம் மந்தம், கோபம் மட்டும் நன்றாக வேலை செய்கிறது.

உன் கடிதம் கிடைத்தது. அரிசி ஆலைக்குப் பழைய எஞ்சின் பார்த்திருப்பதாக ஒரு பக்கம் எழுதி, மறுபக்கத்தில் சாகுல் ஹமீதை மன்னித்துவிடுங்கள் அத்தா, சல்மா அழுகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அவளுக்கு அவன் சொந்தச் சின்னத்தா, அழத்தான் செய்வாள். அவன் உங்களுக்கு என்ன எழுதினானோ, நடந்ததை நான் எழுதுகிறேன். தோல் பதனிடும் நம் ஷாப்பில் கிணற்றுத் தண்ணீர் இறைக்க எஞ்சின் வேண்டியிருந்தது. பழைய எஞ்சின் வியாபாரி, சம்பந்திக்குத் தம்பி, நமக்கா குறை வைப்பான் என்று அவனிடமே போனேன். பச்சைப் பெயின்டில் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தான் போல, ஒரே சுற்றில் கிளம்பியது. ஏழாம் வகுப்பு படித்த மேதை நான், புகையைப் பார்த்துத் தலையாட்டினேன். உன் அம்மா மண்சட்டி வாங்கினாலும் காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பாள். அவள் புருஷன் அம்புட்டுப் பெரிய இரும்பைத் தட்டாமல் வாங்கி வந்தான். அடுத்த வாரமே பெரிய சக்கரம் ஓட்டத்திலேயே வெடித்தது. ஒரு துண்டு கூரையைப் பிய்த்துப் போனது, இன்னொன்று எஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்த நம் பேச்சிமுத்துவின் தோளை நொறுக்கியது. நான் வெற்றிலை துப்ப வெளியே போனதால் தப்பினேன். உடைந்த இடத்தில் பார்த்தால் பாதிக்குப் பழைய துரு, விரிசலில் மெழுகும் இரும்புத்தூளும் அடைத்து மேலே பெயின்ட். கேட்டதற்கு, ஒங்க ஆளுக்கு ஓட்டத் தெரியல மச்சான் என்றான். ஈரத்தோலை ஒற்றைக் கையால் தூக்கிப் போட்டவன் இப்போது இடக்கையால் சோறு பிசைகிறான், அவனைப் பார்த்து இந்தச் சொல்.

அதனால் சந்தை நாள்தோறும் அவன் கொட்டகைக்கு எதிரே, டீக்கடை வேப்பமரத்தில் உடைந்த சக்கரத்தைத் தொங்கவிட்டு, சுத்தியலோடு உட்கார்ந்துவிடுகிறேன். ஏனுங்க பாய், இது என்னங்க வேண்டுதலா என்று ஒரு தொப்பம்பட்டிக்காரர் கேட்டார். ஆமாம் என்று ஓர் அடி போட்டுக் காட்டினேன், டொப் என்றது. பிறகு அவரோடு கொட்டகைக்குள் போய் அங்கிருந்த சக்கரங்களையும் தட்டினேன். ணங் என்றதை நல்லது என்றே சொன்னேன், பொய் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு எரிகிறது. இப்போது நான் தட்டாமல் யாரும் வாங்குவதில்லை. ஜமாத்தில் போய் அழுதான். வீட்டுக்கு வந்து, விட்ருங்க மச்சான், ஊரே சிரிக்குது என்று சிறுமலைப் பழச்சீப்பை வைத்தான். நீ சந்தையில் பேச்சிமுத்து முன்னால் நின்று, விரிசல் எனக்குத் தெரியும், மூடினது நான்தான் என்று சொல், அன்றே மரத்தடியைவிட்டு எழுந்திருக்கிறேன் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பழத்தைப் பேச்சிமுத்து வீட்டுக்கு அனுப்பினேன், ஆட்டுக்குப் போட்டானாம்.

நீ எஞ்சின் பார்க்கப் போனால் முதலில் உள்ளங்கையை வைத்துப் பார், சூடாக இருந்தால் நாளைக்கு வாரேன் என்று திரும்பிவிடு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பச் சொல். புதுப் பெயின்டைச் சுரண்டு, விற்பவன் முகம் சுருங்கினால் அங்கேயே இன்னும் சுரண்டு. ஓடும்போது சக்கரத்துக்கு நேரே நிற்காதே, யாரையும் நிற்க விடாதே. பெல்ட் பக்கம் துண்டு, கைலி நுனி எதுவும் தொங்கக் கூடாது. சொந்தக்காரன் விற்றால் இரண்டு தடவை தட்டு.

மன்னிப்பைப் பற்றிக் கேட்டாய். போன சந்தையில் பேச்சிமுத்துவே வந்தான். மொதலாளி, நீங்க செத்த நேரம் டீ குடிங்க, நான் தட்டுறேன் என்று இடக்கையை நீட்டினான். கொடுத்தேன். என்னைவிட ஓங்கி அடிக்கிறான். உச்சிப்பொழுதுக்கே சாகுல் ஹமீது கொட்டகையைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். டீ அன்றைக்கு ரொம்ப ருசி.

சல்மா மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவள் எனக்கு மகள். சின்னத்தாவுக்கு ஒரு வரி எழுதச் சொல், அந்த வேப்பமரம் எங்கேயும் போகாது என்று. அல்லாஹ் உங்கள் கைகால்களையும் பிழைப்பையும் காப்பானாக. ஊருக்கு வருகிற ஆளிடம் சென்ட், துணி எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். சுத்தியல் பிடி பிளந்துவிட்டது, நல்லதாக ஒன்று அனுப்பு. இடக்கைக்கு வாகாக இருக்கட்டும்.

உன் அத்தா,
அப்துல் லத்தீப்