இறக்கைக்கு அடியில் இரண்டு கொக்கி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுறேன். நீ, மாப்பிள்ளை, பேத்தி எல்லாரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருப்பீங்கன்னு நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இங்க எனக்கு முட்டி வலி தேவலை, உன் தம்பி புது வேலையில ஒட்டிக்கிட்டான், மாடித் தண்ணித் தொட்டி ஒழுகுறதுதான் ஓயலை. சும்மா உட்கார்ந்திருக்க முடியலை, அதான் எழுதிக்கிட்டிருக்கேன், எழுத்து கோணலா இருந்தா கோவிச்சுக்காதே.

வேலையை விட்ட பிறகு அப்பா ரிமோட் விமானம் விடுறவங்களுக்கு இறக்கை செஞ்சு கொடுக்குறது உனக்குத் தெரியும். நீ இருந்த ரூம் முழுக்க இப்ப லேசான கட்டையும் பசை வாசனையும்தான். தீப்பெட்டி அளவு மோட்டார் ஒண்ணு, சர்வோன்னு சொல்வாங்க, அதுதான் இறக்கையோட பின் ஓரத்து மடலை மேலயும் கீழயும் ஆட்டும். இறக்கையில குழி வெட்டி, ரெண்டு பக்கமும் கட்டை ஒட்டி, ரப்பர் வச்சு, திருகாணி போட்டு அதை உட்கார வைக்கணும். வெறும் பசையை நம்புறவங்களைக் கண்டா அப்பாவுக்கு ஆகாது, வெயில்ல பசை இளகினா விமானம் தலைகுப்புற விழும்பார். வயரை நூல் கட்டி உள்ளே இழுக்குறது என் வேலை, என் விரல்தான் அந்த ஓட்டைக்குள்ள போகுது. என்னைக்கூட அவ்வளவு பக்குவமா பார்த்துக்கிட்டதில்லை மனுஷன், அந்தச் சர்வோவை அப்படித் தூக்குவார்.

போன மாசம் ஒருத்தர் வந்தார், எப்பவும் சிரிச்ச முகம், அதனால நான் சிரிப்புக்காரர்னே பேர் வச்சுட்டேன். பெரிய இறக்கையா வேணும்னார். மடலுக்கு வேண்டிய சர்வோ போக, அடியில பக்கத்துக்கு ஒண்ணா இன்னும் ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு கொக்கி, பட்டனை அமுக்கினா கொக்கி திறந்து மாட்டினதைக் கீழே விடணும்னார். என்னத்தை மாட்டப் போறீங்கன்னு அப்பா கேட்டார். ஒரு விசேஷத்துல மேல இருந்து பூ கொட்டணுமாம். பூவுக்கு எதுக்குங்க இரும்புக் கொக்கின்னு அப்பா கேட்டா, அவர் சுவத்துல இருந்த நம்ம குடும்பப் படத்தைப் பார்த்துக்கிட்டே டீயைக் குடிச்சு முடிச்சார். மடலுக்கு மட்டும் செஞ்சு தரேன், மத்தது என்னால ஆகாதுன்னு அப்பா சொல்லிட்டார். சண்டைக்கு வருவார்னு பார்த்தா, சரிங்க பெரியவரே, அதை வேற ஆள் பார்த்துக்குவார்னு சிரிச்சுக்கிட்டே போனார். இறக்கை முடிஞ்சதும் வந்து வாங்கிட்டும் போயிட்டார். 

முந்தாநாள் சாயங்காலம் நாங்க மாடியில இருந்தப்ப வீடுகளுக்கு மேல ஒரு ரிமோட் விமானம் போச்சு. அப்பா நிமிர்ந்து பார்த்துட்டு, நான் ஒட்டின மஞ்சள் பட்டைதான், அடியில கனம் தொங்குதுன்னார். ஜெயில் மதில் இருக்குற பக்கம் தாழ்ந்து போச்சு. கொஞ்ச நேரத்துல திரும்பிச்சு. போகும்போது முனகிக்கிட்டுப் போனது வரும்போது கொசு மாதிரி லேசா வந்துச்சு, எனக்கே தெரிஞ்சுது.

நேத்து டிவியில சொன்னாங்க, ஜெயிலுக்குள்ள ஒரு காவலரைச் சுட்டுட்டாங்களாம், துப்பாக்கி எப்படி உள்ளே வந்துச்சுன்னு யாருக்கும் தெரியலையாம். சோத்துல வச்ச கையை அப்பா எடுத்துட்டார். நம்மளை யாரு கேக்கப் போறா, பேசாம இருங்கன்னு நான்தான் சொன்னேன். அந்தக் காவலரோட பொண்டாட்டி கேப்பாளேன்னார். இன்னிக்குக் காலையில இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போனவர், சாப்பாட்டுக்கு வந்துடுறேன்னு சொன்னவர், விளக்கு வைக்கிற நேரமாகியும் வரலை. நடுவுல வாசல்ல ஒருத்தர் வந்து பெரியவர் இருக்காரான்னு கேட்டார். சிரிப்புக்காரர்தான். தூங்குறார்னு சொன்னேன். எழுந்திரிக்கட்டும்மா, காத்திருக்கேன்னு எதிர்ப்பக்கம் வண்டிக்குள்ள உட்கார்ந்துக்கிட்டார். உடனே தம்பிக்குப் போன் போட்டேன், அவன் ஸ்டேஷனுக்கு ஓடினான். இப்பதான் பேசினான், அப்பா சொன்னதை எல்லாம் எழுதி வாங்கிட்டாங்களாம், போலீஸ் ஜீப்புலயே கூட்டிட்டு வர்றாங்களாம். அதைக் கேட்டு உயிர் வந்து ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். வண்டி அங்கேயேதான் நிக்குது, உள்ளே ஆள் இல்லை. முன்கதவு, பின்கதவு ரெண்டையும் தாழ் போட்டுட்டேன்.

நீ பதறி ஓடி வராதே, குழந்தையைப் பார்த்துக்கோ. மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம, நிம்மதியாத் தூங்கி எழுந்து நல்லா வாழணும். இந்தக் கடிதம் உன் கைக்கு வர்றதுக்குள்ள நானே உன்கிட்ட பேசியிருப்பேன். பேசலைன்னா தம்பிக்குப் போன் போட்டுக் கேளு.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கும்
அம்மா