இன்றைக்கு யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பங்குச்சாமி அறிவிப்பு வாசித்தார். வீட்டில் இருக்கும் போன வருடத்துக் குருத்தோலைகளைக் கோயிலில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்; அவற்றை எரித்த சாம்பலைத்தான் விபூதிப் புதனன்று எல்லார் நெற்றியிலும் பூசுவார்கள். வருடா வருடம் கேட்கிற அறிவிப்புதான். ஆனால் இந்த முறை நம் வீட்டில் இருப்பது நீங்கள் கடைசியாக மடித்த ஓலை.

நம் படுக்கையறைச் சுவரில், ஆண்டவர் சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னால் அது செருகியிருந்தது. போன குருத்து ஞாயிறன்று உங்களால் எழுந்து நிற்க முடியவில்லை. நான் மட்டும் பவனிக்குப் போய் ஓலையோடு திரும்பினேன். கையை நீட்டி வாங்கி, படுத்தபடியே சிலுவையாக மடித்தீர்கள். முன்பெல்லாம் பேசிக்கொண்டே மடித்துத் தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் கொடுப்பீர்களே, அந்த விரல்களில் அன்று பிடிமானம் இல்லை. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. "இதுல தொங்குனா ஆண்டவரே சாஞ்சுதான் தொங்கணும்" என்று சிரித்தீர்கள். எலும்பெல்லாம் புற்றுநோய் பரவிய மனிதருக்குச் சிரிப்பு ஒரு கேடா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த வருடம் முழுக்க எனக்கு எரிச்சல்தான். விடிந்ததும் மாத்திரை கொடுப்பேன். அது வேலை செய்யத் தொடங்கக் கொஞ்ச நேரமாகும். அந்த இடைவெளியில் வலி உங்களைப் போட்டு முறுக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னிக்கு இது யாருக்குன்னு சொல்லு" என்பீர்கள். நம் துன்பத்தை ஆண்டவருடைய பாடுகளோடு சேர்த்து இன்னொருவருக்காக ஒப்புக்கொடுக்கலாம் என்று ஞானோபதேச வகுப்பில் எல்லோரும் படித்ததுதான். படித்ததை ஒருவர் அப்படியே கையில் எடுத்துக்கொள்வார் என்று யார் கண்டது? ஒருநாள், பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கி இடுப்புப் பிடித்துக்கொண்டவருக்கு. ஒருநாள், உங்களிடம் கணக்குப் படித்துவிட்டு வீட்டைவிட்டு ஓடிப்போன பையனுக்கு. நம் வாசலில் படுத்துக்கிடக்கும் நொண்டி நாய்க்குக்கூட ஒரு காலையைக் கொடுத்தீர்கள்.

எதிர்வீட்டுப் பேச்சியக்கா மகளுக்குப் பேறுகாலம் சிக்கலானபோது, தினமும் அவளுக்கே. விஷயம் காதுக்குப் போய் அக்கா ஓடி வந்தாள்.

"ஏன் சார், நான் மாரியாத்தாளுக்கு நேந்திருக்கேன், அவ பாத்துக்கிருவா. எம் மகளுக்காக நீங்க எதுக்கு இம்புட்டு வலியத் தாங்கிக்கிட்டு? பேசாமப் படுங்க சார்."

"ஆத்தா ஒரு பக்கம் பாக்கட்டும்க்கா, நான் ஒரு பக்கம்" என்றீர்கள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அக்கா லட்டு கொண்டுவந்தாள். நீங்கள் பாத்தியா என்பதுபோல் என்னைப் பார்த்தீர்கள். எனக்கு வந்ததே கோபம்! அவள் போனதும், "பிள்ளைய எடுத்தது டாக்டர். ஒங்க வலி எடுக்கல. அது சும்மா, வெறும் வலி" என்று கத்தினேன். நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. "வெறும் வலின்னா என்னால தாங்க முடியாதும்மா" என்றீர்கள். அப்போதுதான் உங்கள் கண் கலங்கி நான் பார்த்தேன்.

எனக்குப் பொறாமையும் உண்டு, சொல்லிவிடுகிறேன். "ஊரு உலகத்துக்கெல்லாம் குடுக்குறீங்க, எனக்குன்னு ஒருநாள் உண்டா?" என்று கேட்டேன். "ஒனக்கு எதுக்கு? எங்கூட சேந்து நீயும்தான அனுபவிக்கிற. பங்காளிக்கு யாராச்சும் தானம் குடுப்பாங்களா?" என்றீர்கள். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கடைசி நாட்களில் உங்கள் பேச்சு நின்றுவிட்டது. வலி நிற்கவில்லை, முகத்தில் தெரிந்தது. மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊற்றிவிட்டு, "இன்னிக்கு யாருக்குங்க?" என்று கேட்பேன். உதடு அசையாது. யார் பெயரும் இல்லாமல் அந்த வலி வந்தது, இருந்தது, உங்களைக் கொண்டுபோனது.

துக்கத்துக்கு வந்தவர்கள், ஆண்டவருக்குப் பிடித்தவர்களுக்குத்தான் சோதனை அதிகம் என்றார்கள். "எங்கள இம்புட்டுப் பிடிக்காம இருந்திருக்கலாம்" என்றேன். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் எனக்குள் ஒரு கேள்வி இன்றுவரை அரித்துக்கொண்டே இருக்கிறது. கடைசி நாட்களின் வலி யாருக்குப் போனது? யாருக்கும் இல்லையென்றால் அதை ஏன் அனுபவித்தீர்கள்? பங்குச்சாமியிடமே கேட்டேன். "தெரியலம்மா" என்றார். ஏதாவது வசனம் சொல்லியிருந்தால் கோயில் பக்கமே போயிருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஓலையைச் சுவரிலிருந்து எடுத்தேன். காய்ந்து மொடமொடவென்று இருந்தது. கோயிலில் ஓலைகளை வாங்கிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார் மடிச்சதா? வச்சுக்கிறதுன்னா வச்சுக்கங்கம்மா" என்றார். உங்களைக் கேட்டால் கொடு என்றுதான் சொல்லியிருப்பீர்கள். தகர டின்னில் போட்டுவிட்டு, அது எரிவதைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

புதன்கிழமை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூட்டைக்காரர், அவருக்கு முன்னால் யாரோ ஒரு கைக்குழந்தைக்காரி. எல்லார் நெற்றியிலும் உங்கள் கோணல் சிலுவையில் ஒரு துகளாவது இருக்கும் என்று நினைத்தேன். அது ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. சாம்பல் சாம்பலாகத்தான் இருந்தது.

இன்று காலையும் மாத்திரை நேரத்துக்குச் சரியாக விழிப்பு வந்துவிட்டது. சுரூபத்துக்குப் பின்னால் சுவர் வெறுமையாக இருந்தது. நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. எனக்குக் கொடுக்க மாத்திரையும் இல்லை, எப்போது அடங்கும் என்று காத்திருக்க ஒரு கணக்கும் இல்லை. "இன்னிக்கு யாருக்கு?" என்று வாய் தானாகக் கேட்டது. செத்தவர்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம் என்று அதே வகுப்பில்தான் சொல்லித்தந்தார்கள். "ஒங்களுக்குத்தாங்க" என்றேன்.

வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. நம்பித்தான் சொன்னேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். வெறும் வலி என்றால் என்னாலும் தாங்க முடியாது. அதனால் சொன்னேன்.