ஆர்வல் பாண்

பிளேஸ்டோ, லண்டன்
மே 19, செவ்வாய்

நல்லூரான் காவலிருக்க, என்ர அன்புள்ள மிதுலன் அப்பாவுக்குச் சுவர்ணா எழுதிக்கொள்ளுறது.

நானும் மகனும் உடம்பாலை சுகம். அவன் சோதினைக்குப் படிக்கிறான். நீங்கள் ஊருக்குப் போய் நிண்டு பார்த்த உங்கட அக்காவின்ர கண் ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சது கேட்டுச் சந்தோசம். ஆனால் ரெண்டு நாளாய் என்ர மனம் சரியில்லை.

போனிலை சொல்லலாம்தான். தொடங்க முதலே நீங்கள் இடையிலை புகுந்து எனக்கு விளக்கம் சொல்லுவீங்கள். கடிதத்தை மறிக்க உங்களுக்கு ஏலாது. அதுதான் சனிக்கிழமை ஊருக்கு வாற ரமாவிட்டைக் குடுத்துவிடுறன். முழுக்க வாசியுங்கோ.

பக்கத்து வீட்டு அலனை வெள்ளிக்கிழமை எரிச்சாச்சு. குரோய்டனிலை எங்கட அகதிக் கேசுக்குக் கூப்பிட்ட அண்டு, விடியக் காலமை தன்ர காரிலை ஏத்திக்கொண்டு போய், பின்னேரம் வரைக்கும் ரோட்டிலை காத்துக்கொண்டு நிண்ட மனுசன். மாடிப்படியிலை விழுந்து அப்பிடிப் போவார் எண்டு ஆர் கண்டது? பொலிஸ் வந்து அவரின்ர பெண்சாதி ஜீனை ரெண்டு மணித்தியாலம் விசாரிச்சதும் உங்களுக்குச் சொன்னனான். இருதயம் நிண்டதாலைதான் விழுந்தவர் எண்டு டொக்டர்மார் பிறகு எழுதிக் குடுத்திட்டினம். ஆனாலும் உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலுமோ? பெண்சாதிதான் தள்ளிவிட்டவ எண்டு இந்த ரோட்டிலை கதைக்காத ஆள் இல்லை.

எரிச்சுப்போட்டு எல்லாரும் ஜீன் வீட்டை போனம். தேத்தண்ணி தந்தினம். வெளிக்கிடேக்கை ஜீன் வாசலிலை நிண்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒண்டாய், கோதுமை மாவிலை சுட்ட சின்ன வட்டப் பாண் தந்தா. வெள்ளைப் பேப்பரிலை சுத்தி, கறுப்பு ரிப்பன் கட்டி. கறுவாவும் சாதிக்காயும் மணத்தது. எங்கடையிலை எங்கட மூண்டு பேரின்ர பேரும் எழுதியிருந்தது. இது ஆர்வல், வீட்டை கொண்டுபோய்ச் சாப்பிடுங்கோ எண்டு சொன்னா. நான் தலையை ஆட்டிப்போட்டு வந்தன்.

கேற்றடியிலை நிண்டு உங்களுக்குப் போன் எடுத்தது ஞாபகம் இருக்கோ? செத்தவீட்டுச் சாப்பாட்டை வீட்டுக்குள்ளை கொண்டுபோகாதை, பிள்ளைக்குச் சோதினை நேரம், வெளியிலையே போட்டிட்டு, தலைக்குத் தண்ணி வாத்துத் தோய்ஞ்சிட்டு உள்ளை போ எண்டு சொன்னீங்கள். எனக்கும் அதுதான் சரியாய்ப் பட்டது. எங்கட வழக்கம் அதுதானே. குப்பைத் தொட்டியைத் திறந்து போட்டன். தோய்ஞ்சன். உங்கட மகனுக்குச் சோறு போட்டன். அவ்வளவுதான் செய்தனான், அப்பா.

இரவு நரி வந்து குப்பைத் தொட்டியைக் கிண்டியிருக்கு. நாசமாய்ப் போன நரி, கடிச்ச பாணையும் பேப்பரையும் இழுத்துக்கொண்டு போய், வேற இடம் கிடையாமல் ஜீன்ர வாசல்படியிலையே போட்டிருக்கு. நான் போக முதலே அவை அதை எடுத்திட்டினம், எனக்கு ஒண்டும் தெரியாது. சனிக்கிழமை காலமை வழக்கம்போலை இடியப்பமும் சொதியும் கொண்டுபோய்க் கதவைத் தட்டினன். அலன் போன நாள் துவக்கம் ஒரு நாளும் தவறாமல் கொண்டுபோனனான். ஜீன் கதவைத் திறக்கேல்லை. யன்னல் சீலை அசைஞ்சதைக் கண்டன். பின்னேரம் பார்க்க, பாத்திரம் வைச்சபடியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜீன்ர தங்கச்சி மார்கரெட் எங்கட வீட்டை வந்தா. யோர்க்ஷயரிலையிருந்து செத்தவீட்டுக்கு வந்து நிக்கிறவ. கையிலை அந்தக் கிழிஞ்ச பேப்பர். உங்கட பேருக்கு மேலை நரியின்ர பல்லுத் தடம்.

கோவிக்காமல் எல்லாம் விளங்கப்படுத்தினா. கோவிச்சிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஆர்வல் எண்டது அவையின்ர வடக்குப் பக்கத்துப் பழைய சொல்லாம். ஆயிரம் வருசத்துக்கு முந்திக் கடல் கடந்து வந்து அங்கை குடியேறின சனம் கொண்டுவந்த பாஷையாம். முதுசம், அதுதான் பரம்பரைச் சொத்து, எண்ட சொல்லும் பார்லிக் கள்ளின்ர பேரும் சேர்ந்து வந்ததாம். வீட்டிலை ஒருத்தர் செத்தால் உரித்துக்காரர் ஊரைக் கூப்பிட்டு வைக்கிற விருந்து அது. பிறகு கையிலை குடுத்துவிடுற பாணுக்கும் அதே பேர் வந்திட்டுது. இப்ப அங்கையும் ஆரும் பெரிசாய்ச் செய்யிறேல்லையாம். அலன்தான் தனக்குச் செய்ய வேணும் எண்டு உயிரோடை இருக்கேக்கையே கேட்டு வைச்சவராம்.

அதோடை விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் காலத்திலை பிரேதத்தை எல்லாரும் பார்க்க வைச்சுத்தான் விருந்து குடுப்பினமாம். வந்து பார்த்துச் சாப்பிட்ட சனம், இது ஒழுங்கான சாவு, வீட்டுக்காரரிலை ஒரு பிழையும் இல்லை எண்டதுக்குச் சாட்சியாம்.

ஐயோ அப்பா! விளங்குதோ? ரோட்டுச் சனம் முழுக்கக் கதைக்கிற நேரத்திலை, அவ எங்களிட்டைச் சாட்சி கேட்டிருக்கிறா. எல்லாம் விளங்கினவள் மாதிரி நானும் தலையை ஆட்டிப்போட்டு வந்து அதைக் குப்பையிலை போட்டிருக்கிறன். மற்ற வீட்டுக்காரர் எல்லாரும் சாப்பிட்டிருக்கினம், வாய் நிறையக் கதைச்சவையும் கூட.

செருப்பையும் போடாமல் ஜீன் வீட்டை ஓடினன். செத்தவீட்டுத் தீட்டு, துடக்கு எண்ட எங்கட கதையைச் சொன்னன், தோய்ஞ்சதைச் சொன்னன், நீங்கள் போனிலை சொன்னதையும் சொன்னன். எல்லாத்தையும் கேட்டுப்போட்டு ஜீன் ஒண்டே ஒண்டுதான் கேட்டா. நான்தான் அவரைத் தள்ளினனான் எண்டு நீயும் நினைச்சியோ எண்டு.

இல்லை எண்டு சொன்னன். அது பொய். பொலிஸ் வந்த அண்டு நீங்கள் போனிலை, அவதான் தள்ளியிருப்பாவோ எண்டு கேட்டீங்கள். நான் மறுக்கேல்லை. ஆருக்குத் தெரியும் எண்டனான். பதினெட்டு வருசம் பக்கத்திலை இருந்து, அவ சுட்ட கேக்கைத் திண்டு, என்ர பிள்ளையை அவவிட்டை விட்டிட்டு வேலைக்குப் போய்ப்போட்டு, ஆருக்குத் தெரியும் எண்டனான். துடக்கு எண்டுதான் அந்தப் பாணை எறிஞ்சனான். ஆனால் என்ர கை அவ்வளவு கெதியாய்ப் போனது துடக்குக்காக மட்டும்தானோ எண்டு இப்ப எனக்கே தெரியேல்லை. இதை உங்களுக்குத்தான் சொல்லுறன், வேற ஆருக்கும் சொல்ல முகமில்லை.

ஜீன் எழும்பிப் போய்த் தன்ர பங்குப் பாணை எடுத்துவந்தா. அவவுக்கு அதைச் சாப்பிட மனம் வரேல்லையாம். வெட்டி எனக்கு ஒரு துண்டு தந்தா. அந்தக் கதிரையிலையே இருந்து சாப்பிட்டன். அழுதழுது விழுங்கினன். மிதுலனையும் கூப்பிட்டன், அவனும் சாப்பிட்டான். தோயச் சொல்லி நான் அவனைக் கேட்கேல்லை.

உங்கட துண்டைப் பிறீசரிலை வைச்சிருக்கிறா. புதுப் பேப்பரிலை சுத்தி, உங்கட பேரைத் திருப்பி எழுதியிருக்கிறா.

வாற மாதம் வந்து இறங்கினவுடனை பெட்டியை எங்கட வாசலிலை வைச்சுப்போட்டு, முதல் அங்கை போங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறன், ஒரு நியாயமும் கதைக்காதேங்கோ. அவவின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு பொடி மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கோ. அவ நாங்கள் சாப்பிடுறதைத்தான் பார்க்கிறா.

முருகன் உங்களைப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும். அலனின்ர ஆத்மாவும் எங்களைப் பொறுக்கட்டும்.

உங்கட
சுவர்ணா