ஒரு நாள் வருவாயே பாடத்தின் விலை

கடல் அடங்கியிருக்க, மலை மழை தருக. ஏழு துறைமுகங்களையும் பன்னிரு மலைச்சந்தைகளையும் ஒரு குடைக்கீழ் ஆளும் செம்பரி நாட்டு மன்னர் நெடுவேட்கோவின் வலக்கரமாய் ஆழிமங்கலத்தில் வீற்றிருக்கும் பேரமைச்சர் இளவெயினனார் திருமுன்பு, வெண்மணல் துறையின் அதிகாரியும் அங்குள்ள வணிகப் பாடசாலையின் தலைவியுமாகிய பூதங்கண்ணி நங்கை வணங்கி விடுக்கும் ஓலை. தலைநகரின் மாடங்கள் நிலைபெறுக. தங்கள் இல்லத்தார் நோயின்றி வாழ்க. வாழ்த்து இத்துடன் நிறைந்தது. இனி எழுதுவன கசக்கும், பொறுத்துப் படித்தருள்க.

முப்பது நாள் வணிகப் பாடத்தின் கட்டணத்தை நாற்பது காசாக உயர்த்துமாறும், உயர்த்த மனமில்லையேல் பாடசாலையைப் பூட்டி அதிகார மோதிரத்தை ஒப்படைக்குமாறும் தாங்கள் இட்ட ஆணையைத் தூதர் வில்லவதரையர் நேற்று முன்தினம் கொணர்ந்தார். இரண்டில் ஒன்றையும் நான் செய்யேன். காரணம் அறியாமல் என்னைத் தண்டிப்பது தங்களுக்கு அழகன்று. ஆதலால் நடந்ததை எழுதுகிறேன்.

இச்சாலையில் பயில்வோர் இங்கு வந்து தங்குவதில்லை. நாள்தோறும் ஒரு பாட ஓலை அஞ்சலோட்டக்காரர் வழியே ஒன்பது ஊர்களுக்குச் செல்லும். எழுத்தறியாதார்க்கு ஊர்க்கணக்கர் படித்துக்காட்டுவார். பயில்வோர் தம் ஐயங்களை எழுதுவித்து அனுப்ப, மறுநாள் நான் விடை எழுதுவேன். முதலில் இதை விலையின்றியே தந்தேன். இருநூற்றுப் பதின்மர் பெயர் பதிந்தனர். பத்தாம் நாள் ஐயம் கேட்டவர் பதினொருவர். என் எழுத்தில்தான் குறை என்று எண்ணி வருந்தினேன்; பாடங்களைக் கிழித்து மறுபடி எழுதினேன். பயனில்லை.

பின்னர் உப்பளத்தூருக்கு நானே சென்று, பாடத்தை நிறுத்திவிட்ட சேந்தி என்னும் உப்பு விற்பவளைக் கண்டு காரணம் கேட்டேன். அவள் சொன்னதை மெருகேற்றாமல் அப்படியே எழுதுகிறேன், தங்கள் செவியும் கேட்கட்டும் என்று: “சும்மா வர்ற ஓலதானம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்னு கூரையில சொருகி வச்சேன். அப்புறம் நாளைக்கும் நாளைக்குன்னு போயிருச்சு.” அவ்வாறாயின் கட்டணமாக எவ்வளவு பெறலாம் என்று கேட்டேன். அவள் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தாள். “ஒரு நாள் உப்பு வித்த காச வாங்கிக்கங்க. அது போனா வலிக்கும், வலிச்சா படிப்பேன். ஆனா வீட்ல உலை கொதிக்கும்” என்றாள்.

பேரமைச்சரே, ஆறு ஆண்டுகள் துறைமுகத்தில் விலை மதிப்பிட்ட எனக்கு அன்று வெட்கமாயிற்று. பொருளின் பெருமையைப் பார்த்து விலை வைக்கக் கற்றிருந்தேனே அன்றி, வாங்குபவர் எதை இழக்கத் துணிவார் என்று கேட்டறிந்ததில்லை. அன்றே கட்டணம் ஒரு நாள் வருவாய் என்று விதித்தேன். உப்பு விற்பவளுக்கு அது அரைக் காசு. நெசவுத் தறி வைத்திருப்பவருக்கு இரண்டு காசு. மரக்கலம் உடையவருக்கு முப்பதும் ஆகும். அடுத்த அணியில் நூற்று நாற்பதின்மர் சேர்ந்தனர். முப்பதாம் நாள் வரை நிலைத்தோர் நூற்றுப் பதினெண்மர். ஓலை எழுதுவோர்க்கும் ஓடுவோர்க்கும் அக்கட்டணமே போதுகிறது. அரசின் கருவூலத்திலிருந்து ஒரு காசும் நான் கேட்டதில்லை.

இனி, தங்களிடம் எவரும் சொல்லியிராததைச் சொல்கிறேன். அவ்வணியில் மீண்டும் சேர்ந்து, வண்டிக்கூலி பற்றிய இருபத்தோராம் பாடத்தைக் கேட்ட சேந்தி, தன் ஊர்ப் பெண்கள் பதினால்வரைக் கூட்டினாள். மூட்டைக்கு ஒரு காசு கொடுத்து வாங்கும் வணிகர் குழு, அதே மூட்டையை மலைச்சந்தையில் ஐந்து காசுக்கு விற்பதையும், வழிச்செலவு ஒரு காசுக்குமேல் ஆகாது என்பதையும் கண்டனர். இரண்டு வண்டிகளைக் கூட்டாக அமர்த்தித் தாமே மலையேறினர். மூன்று திங்களாக உப்பளத்தூரில் குழுவின் ஆட்களுக்கு ஒரு மூட்டையும் கிடைக்கவில்லை. நான்காம் திங்களில், மலிவான கட்டணம் வணிகக் கல்வியின் மாண்பைக் கெடுக்கிறது என்று குழுத் தலைவர் ஏறன் நாகனார் தங்களிடம் முறையிட்டார். மாண்பின் மேல் அவருக்குத் திடீரென்று பிறந்த அக்கறையின் வேர் எது என்பதைத் தாங்களே உணர்வீர்கள்.

தூதர் ஆணையைப் படித்த நேரம் ஐயம் கேட்கச் சேந்தியும் சாலைக்கு வந்திருந்தாள். ஒரு கையில் பூட்டுடன் நின்ற அவரை நோக்கி, “ஐயா, நாப்பது காசு எங்கிட்ட இருந்தா நான் ஏன் ஏவாரம் கத்துக்க வாரேன்?” என்று கேட்டாள். கூடியிருந்தோர் சிரித்தனர், அவள் சிரிக்கவில்லை. தூதர், தமக்கு இடப்பட்டது ஆணையைப் படிக்கும் பணியே என்றும், பூட்டுவது குறித்து மீண்டும் தலைநகரைக் கேட்டே செய்வதாகவும் உரைத்துப் பூட்டைப் பைக்குள் இட்டுக்கொண்டார். நல்ல மனிதர். அவர் மேல் சினம் கொள்ளற்க. அவரைத் தடுத்தவள் நான் என்றே கொள்க.

அச்சமில்லை என்று பொய் எழுதேன். என் தந்தையும் இம்மோதிரம் அணிந்தவர். இதை இழந்தால் எனக்கு வேறு வாழ்வு தெரியாது. ஆயினும் நாற்பது காசு என்பது விலையன்று, உப்பளத்தூருக்கு அடைக்கப்பட்ட கதவு. அதை என் கையால் அடைக்க மாட்டேன்.

ஆகவே, மோதிரம் என் விரலில் உள்ளவரை செல்லும் அதிகாரத்தால் இதனை விதிக்கிறேன். வெண்மணல் துறையில் முப்பது நாள் வணிகப் பாடத்தின் கட்டணம், சேர்பவரின் ஒரு நாள் வருவாயே ஆகும். எவர் முறையிடினும் அது உயராது. பாடங்களின் படிகள் ஒன்பது ஊர்க்கணக்கரிடமும் இன்று ஒப்படைக்கப்பட்டன. நான் நீக்கப்படினும், சிறையிடப்படினும் அவர்கள் நிறுத்தாமல் படித்துக்காட்டுக.

தாங்கள் காவலரை அனுப்பக் கருதின் அனுப்புக. நான் எங்கும் ஓடேன். முற்பகலில் மட்டும் அவர்கள் வரவேண்டா. அவ்வேளை புதிய அணிக்கு முதற்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன்.

வெண்மணல் துறையின் சுறா முத்திரை இட்டு, பூதங்கண்ணி நங்கை தன் கைப்பட எழுதியது.