சாக்கெட் பெட்டி மேல் நான் போட்ட பழி

அறந்தாங்கி

அன்பு மகள் இனியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம். குளிர் தொடங்கிவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே விடாத மழை, பட்டறை வாசலெல்லாம் சேறு. போல்ட் கழற்ற நீ அனுப்பிய சாக்கெட் பெட்டி எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டாய், நல்லா இருக்கும்மா என்று சொல்லிவிட்டு அவசரமாக அம்மாவிடம் போனைக் கொடுத்துவிட்டேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மீமிசலில் குழந்தைசாமி என்று ஒருவர், வெளிநாட்டுக் கம்பெனிக் கார் ஒன்றைப் பழசாக வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். சக்கரத்தைச் சுற்றும் ஷாஃப்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் ஒழுகுகிறது என்று போன வாரம் வண்டியைக் கொண்டுவந்தார். குவைத் போகிற தம்பியை அன்று சாயங்காலம் திருச்சி ஏர்போர்ட்டில் விட வேண்டும், சீக்கிரம் முடித்துக் கொடுங்கள் என்றார். சக்கரப் பக்கத்தைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட் போல்ட்டைப் பார்த்தால், தலைக்குள்ளே பூ மாதிரிக் குழி, அதில் சேறும் கிரீஸும் அப்பிக் கிடந்தது. ஆறு முனைக் குழியும் பன்னிரண்டு முனைக் குழியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், துடைத்து எண்ணிப் பார்க்காமல் பிட் போடாதீங்கப்பா என்று நீ அத்தனை தடவை சொல்லியிருந்தாய். நான் துடைக்கவும் இல்லை, எண்ணவும் இல்லை. ஆறு முனை நட்சத்திரப் பிட்டைக் குழிக்குள் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, கம்பியைப் போட்டு மிதித்தேன். பிட்டும் ஒடிந்தது, போல்ட் குழியும் வழுவழுவென்று தேய்ந்துபோனது. வண்டியை நகர்த்த வழியில்லை. தம்பி வேறு யாரோ வண்டியில் இடம் பிடித்து மீமிசலிலிருந்தே கிளம்பிவிட, குழந்தைசாமி நம் பட்டறை வாசலில் மழையில் நின்றுகொண்டு போனில்தான் வழியனுப்பினார்.

என்னண்ணே ஆச்சு என்று அவர் கேட்டபோது நாலைந்து பேர் நின்றார்கள். எம் மக அனுப்புன செட்டு, சரக்கு மட்டம் என்று சொல்லிவிட்டேன். பொம்பளப் புள்ளைய மெக்கானிக் படிக்க வச்சா இப்படித்தான் என்று அவர் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன் இனியா.

உன் அம்மா உள்ளேயிருந்து கேட்டிருக்கிறாள். ஒங்க கை செஞ்ச தப்புக்கு எம் புள்ள பேர ஏன் இழுத்தீங்க என்று கேட்டாள். மறுநாள் தேய்ந்த போல்ட் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்துக் கழற்றினேன். மற்றதையெல்லாம் துடைத்து எண்ணினேன், பன்னிரண்டு முனை. அதற்கான பிட் உன் பெட்டியில் அடுத்த வரிசையிலேயே இருந்தது. எல்லாம் ஒரே இழுப்பில் வந்தன. ஒவ்வொன்றும் சுளுவாக வர வர எனக்குக் கூசியது.

குழந்தைசாமி வண்டி எடுக்க வந்தார், அன்று சிரித்தவர்களில் இரண்டு பேரும் இருந்தார்கள். செட்டு மேல தப்பில்ல, எம் மக எண்ணிப் பாக்கச் சொன்னுச்சு, நாந்தேன் கேக்கல என்றேன். அவர் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டார். அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே, நானும் வாய்க்கு வந்தத பேசிட்டேனே என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். என்னை நாலு திட்டு திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

தை மாதம் இங்கே உன் சித்தி மகள் காவ்யா கல்யாணத்துக்கு நீ வருவாய். அன்று சிரித்துவிட்டுப் போன மற்றவர்களும் அங்கே வருவார்கள், யாராவது உன் காதுபட அந்தப் பேச்சை எடுக்கலாம். நீ தலை குனியாதே அம்மா. அதைத் தொடங்கி வைத்தவன் நான், உன் பக்கத்தில் நின்று நானே சொல்கிறேன்.

உன் கையும் கண்ணும் எப்போதும் நல்லா இருக்கட்டும், எங்கள் இரண்டு பேர் ஆசியும் உனக்கு உண்டு. டிக்கெட்டை முன்னாலேயே போட்டுவிடு. இதைப் படித்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணு, எனக்கு நீ மனசு வரும்போது பண்ணினால் போதும்.

உன் அப்பா
சேவுகன்