அக்கா கைநாட்டு வைக்காத காகிதம்

அக்கா,

என் பெரிய பேரன் டிப்ளமா முடித்துவிட்டான். பேத்தி எஸ்.எஸ்.எல்.சி.யில் முதல் வகுப்பு. சின்னவன் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கி வந்திருக்கிறான். இதையெல்லாம் உன்னிடம் ஓடிவந்து சொல்லித்தானே எனக்குப் பழக்கம். இன்று தபால்காரர் விதவை பென்ஷன் கொண்டுவந்தார். நம் சந்தில் மொத்தமே இரண்டு பேருக்கு. உன் ஞாபகம் வந்துவிட்டது.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் நம் சந்திலிருந்து முதலில் வாங்கியவள் நீதான். ஒவ்வொருத்தியாகத் தாலுகா ஆபீசுக்கு நீ கூட்டிப்போய், ஒன்பது பேர் ஆனார்கள். மணியார்டர் நாளில் எல்லோரும் உன் வாசலில்தான். புருஷன் இருக்கிற நானும் அரட்டைக்கு வந்துவிடுவேன்.

"என்னண்ணா, மாப்பிள்ளை மாதிரி மெதுவா வர்றீங்க?" என்பாய்.

"உங்க சந்துக்கே தனிப் பை தூக்கணும்மா" என்பார் தபால்காரர்.

பிறகு பென்ஷன் பெயர்களைச் சரிபார்க்கத் தாலுகா ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். நீ கடைக்குப் போயிருந்தாய். உனக்கு மகன் உண்டா என்று என்னிடம் கன்னடத்தில் கேட்டார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் என் வாய் நிற்குமா? "இல்லாம என்ன சார்! பொம்மசந்திராவுல ஃபேக்டரி, பர்மனென்ட் வேலை!" என்றேன். அவன் பொம்மனஹள்ளிக்குத் தனிக்குடித்தனம் போனதையும், உன்னை எட்டிக்கூடப் பார்க்காததையும் சொல்லத் தோன்றவில்லை. சம்பாதிக்கிற மகன் இருந்தால் பென்ஷன் கிடையாதாம்; உன் பெயரை அடித்துவிட்டார்கள். அந்த முறை ஒன்பது நான்காயிற்று.

நான் அழுதேன். "விடுடி, எம் புள்ளையப் பெருமையாத்தானே சொன்ன" என்றாய்.

மகன் கவனிப்பதில்லை என்று எழுதிக் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். ஆபீஸ் வாசலில் எழுதி வாங்கி, மையோடு வந்தேன். நீ கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாய்.

"இதுல நாட்டு வெச்சா பணம் வந்துரும். அப்புறம் அவன் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இந்தச் சந்துக்குள்ள வருவான்?"

மூன்று வருஷம் வீடு வீடாகப் பாத்திரம் தேய்த்தாய். நீ நோயில் படுத்த பிறகு அவன் வந்தான். கடைசி ஒரு மாதம் உன் தலையை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டினான். சந்தில் ஒருவரும் அவனை ஒரு சொல் கேட்கவில்லை.

இப்போதும் பெருமை பேசத்தான் செய்கிறேன், கேட்பது யாரென்று பார்த்துவிட்டு. உன் மகனுக்குப் பெண் பிறந்து, உன் பெயரை வைத்திருக்கிறான். நேற்று அவனுக்கு எழுதினேன்: குழந்தையை உட்காரவைத்துப் புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு, வீடு வீடாகக் காட்ட வேண்டும்.