ஜிபார்குல் எழுதாத விடை

ஏப்ரல் 8, நாரின்

நகரக் குடிநீர் நிலையத்தில் குளோரின் பிரிவுக்குப் பொறுப்பாளர் தேர்வு. கேள்வித்தாள் எழுதித் திருத்தித் தரவேண்டுமாம். முப்பத்தோராண்டு வேதியியல் கற்பித்தவன் என்று என்னைக் கேட்டார்கள். மறுக்கத் தைரியம் வரவில்லை. குழம்பாமல் இருக்க என் கருத்துகளை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

1. பட்டம், ஒருவர் தொடங்கியதை முடிப்பார் என்பதற்குச் சான்று.
2. பட்டம் மட்டும் வேலையைக் கற்றுத் தராது.
3. பழகியவருக்குக் கை தேறும். ஆனால் தாளில் உள்ள பிழையைக் காணப் படித்தவர்தான் வேண்டும்.

முதல் இரண்டில் கொஞ்சம் தயக்கம் உண்டு. மூன்றாவதில் இல்லை.

ஏப்ரல் 9

பத்துக் கேள்விகள். மூன்று முறை சரிபார்த்தேன்.

ஏப்ரல் 11

தேர்வு நடந்தது. எழுதியவர்கள் மூவர். இருவர் தலைநகர் பிஷ்கெக்கில் படித்த இளைஞர்கள். அவர்களில் எர்மெக் சிவப்பு டிப்ளமா வாங்கியவன், எல்லாப் பாடத்திலும் முதல் தரம். மூன்றாமவள் ஜிபார்குல், நாற்பத்திரண்டு வயது. அந்த நிலையத்திலேயே புட்டி கழுவச் சேர்ந்து, பதினேழு ஆண்டில் தண்ணீர் சோதிப்பவளாக உயர்ந்தவள். பள்ளிப்படிப்போடு சரி.

ரொட்டியின் மேல்தோலுக்கும் பட்டச் சான்றிதழுக்கும் எங்கள் ஊரில் ஒரே சொல். இயக்குநர் தாயிர்பெக் அதைச் சொல்லிச் சிரித்தார்: "இவகிட்ட உள்ளே மெத்துன்னு ரொட்டி இருக்கு அகாய், மேல்தோல்தான் இல்ல." அகாய் என்றால் வாத்தியார், ஓய்வு பெற்றும் அந்தப் பெயர் போகவில்லை. ஜிபார்குலும் சிரித்தாள். கை மட்டும் பேனாவை இறுக்கியிருந்தது.

ஏப்ரல் 12

அறையில் குளோரின் கசிந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி. இளைஞர்கள் விதிகளைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். அவள் மூன்றே வரி: "காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். அந்தப் பக்கமாக எல்லோரையும் மேட்டில் ஏற்றுவேன். அந்த வாயு பள்ளம் தேடிப் போகும்." இத்தனை ஆண்டில் ஒரு வகுப்பிலும் நான் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

ஒன்பது விடைகளும் இப்படித்தான். பத்தாவது மட்டும் வெற்றிடம். ஐந்நூறு கன மீட்டர் தொட்டிக்கு எவ்வளவு குளோரின்? கன மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதைக் கேள்வியிலேயே கொடுத்திருந்தேன், வெறும் பெருக்கல். மற்ற இருவரும் பத்துக் கிலோ என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிட்டார்கள். அவளுக்குச் சுழியம். அதுவரை முன்னால் நின்றவள் நான்கு மதிப்பெண்ணில் பின்தங்கினாள். வேலை எர்மெக்குக்கு.

ஏப்ரல் 13

ஏன் விட்டாள்? பெருக்கத் தெரியாதவளா?

ஏப்ரல் 15

மதிப்பெண் பட்டியலைக் கொடுக்கப் போனேன். நிலையத்து முற்றத்தில் ஜிபார்குல் புட்டிகளில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். பத்தாவதைப் பற்றிக் கேட்டேன். விடுங்க அகாய் என்றாள், இரண்டு முறை. நான் நகரவில்லை.

"கன மீட்டருக்கு இருபது கிராம்னு போட்டிருந்தீங்க. ரெண்டுதான் அகாய். பத்துக் கிலோவைக் கொட்டினா ஊரே கண்ணைக் கசக்கும்."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"டைரக்டர் இருக்காரு, பசங்க இருக்காங்க. வெள்ளைத்தாடிக்காரரை நாலு பேர் முன்னாடி தப்புன்னு சொல்ற வீட்டுல நான் பொறக்கல. அதுக்காகப் பத்துன்னு எழுதவும் கை வரல."

இரண்டு. ஆம், இரண்டுதான். நான் என்ன எழுதினேன்? ஒரு சுழியம் கூடுதல் - மூன்று முறை பார்த்தேனே - எதைப் பார்த்தேன்?

என் மானத்தைக் காக்க வேலையையே விட்டுக்கொடுத்திருக்கிறாள். பட்டியலைக் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஏப்ரல் 16

மனைவி சோனுனிடம் சொன்னேன். பால் தேநீரை என் முன் வைத்துவிட்டுச் சொன்னாள்: "முப்பத்தோரு வருஷம் பசங்க தப்பையெல்லாம் சிவப்பு மையில சுழிச்சீங்க. உங்க தப்புக்கு வரும்போது மை தீர்ந்துபோச்சாக்கும்."

ஏப்ரல் 17

என் பிழையை எழுதி நிலையத்துக்கு எடுத்துப்போய், இயக்குநர் முன் வாசித்தேன். பத்தாவது கேள்வி பிழை, அதை நீக்கினால் ஜிபார்குலே முதல் என்றேன். விதிப்படி பட்டம் வேண்டுமே என்றார் தாயிர்பெக். அப்படியானால் பட்டியலில் என் கையெழுத்து இல்லை என்றேன். நானா சொன்னேன்?

கடைசியில் அவளுக்குத் 'தற்காலிகப் பொறுப்பு' என்று எழுதினார்கள். எங்கள் ஊரில் தற்காலிகம் என்பது ஓய்வூதியம் வரை போகும். எர்மெக் அவளுக்குக் கீழே.

வெளியே வந்ததும் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கும் அதிகமாத்தான் தோணுச்சு அகாய். நீங்க எழுதினதாச்சேன்னு பெருக்கிட்டேன்."

மே 20

பனி உருகி ஆறு கலங்கி ஓடுகிறது. குழாயில் தண்ணீர் தெளிவாக வருகிறது. நிலையத்து வாசலில் ஒட்டிய சோதனை அறிக்கையில் அவள் கையெழுத்து இருந்தது. 'தற்காலிக' என்ற சொல்லை யாரோ தட்டச்சில் விட்டுவிட்டார்கள். திருத்தச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எர்மெக் எந்த அளவையும் அவளிடம் ஒரு முறை கேட்டுவிட்டுத்தான் போடுகிறானாம்.

அந்தக் கேள்வித்தாள் பட்டதாரிகள் மூவர் கண்ணில் பட்டது, என்னையும் சேர்த்து; பிழையைச் சொன்னவள் பட்டமில்லாதவள். ஏப்ரல் 8இல் எழுதிய மூன்றாவது கருத்து தவறு.